‘மண்ணைத் தோண்டவா படிக்க வைத்தேன்?’ என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, வணக்கம். சனிக்கிழமை மகளின் மேல்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்துவிட்டு நீங்கள் கிளம்பும்போது கண் கலங்கியிருந்தீர்கள். அடுத்த பெற்றோர் வெளியே காத்திருந்ததால் விவரமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து நல்ல மார்க் வாங்கிய பெண், தொல்லியல் படிக்கிறேன் என்கிறாள். அவள் அப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பணம் புரட்டி வைத்துவிட்டார். உங்களுக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை.

‘பிடித்ததைப் படிக்கட்டும்’ என்று சும்மா சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது. கீழடி வீடியோவைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அந்த வேலையின் பெரும்பகுதி வீடியோவில் வராது. வெயிலில் குழிக்குள் குந்தி உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சுரண்ட வேண்டும். கிடைக்கிற பானை ஓடுகளைப் பிரஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று குறித்து வைக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான்.

அதனால்தான் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “இதுவரை நீயாக என்ன செய்திருக்கிறாய்?” என்று அவளிடம் கேட்டேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். உங்கள் ஊர்க் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ‘வடக்குச் சுவர், கீழிருந்து 3ஆம் வரி’ என்று குறிப்பு. சிதைந்த எழுத்துகளை ஊகித்து நிரப்பவில்லை, புள்ளி வைத்து விட்டிருக்கிறாள். அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும்தான் இந்தப் படிப்பு இவளுக்குச் சரிப்படும் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் வேலை. தொல்லியல் துறைப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் வருடா வருடம் வராது. பட்டம் 3 வருடம், எம்.ஏ. 2 வருடம், அதன் மேல் தொல்லியலில் முதுநிலைப் பட்டயம் (பி.ஜி. டிப்ளமோ) 2 வருடம் என்றால் மொத்தம் 7 வருடம். இதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் சம்மதிக்க வேண்டும். அந்தப் பட்டயத்தைத் தமிழ்நாடு தொல்லியல் துறையும் நடத்துகிறது, இந்தியத் தொல்லியல் துறையும் கிரேட்டர் நொய்டாவில் நடத்துகிறது.

அவள் படித்த அறிவியல் வீணாகிவிடும் என்று வருந்தினீர்கள். ஆகாது. கீழடியில் கிடைத்த விலங்கு எலும்புகளை ஆராயப் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பினார்கள். கரி மாதிரிகள் காலத்தைக் கணிக்க அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய் வந்த பிறகுதான் கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று சொல்ல முடிந்தது. எலும்பும் மகரந்தமும் மண்ணும் தெரிந்தவர்களுக்கு அங்கே இடம் உண்டு. ஆகவே விலங்கியலோ தாவரவியலோ பி.எஸ்சி. முடித்துவிட்டு எம்.ஏ.வில் தொல்லியலுக்கு மாறலாம். மனம் மாறினாலும் பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. என்று வழி திறந்தே இருக்கும். பட்டப்படிப்பிலேயே வரலாறுதான் வேண்டும் என்று அவள் நின்றால் அதற்கும் நான் தடை சொல்லமாட்டேன், ஆனால் என் முதல் யோசனை இதுதான்.

அவள் அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், மறக்காமல் விண்ணப்பியுங்கள். அரசுக் கலைக் கல்லூரியில் சேர்த்தால் அப்பா புரட்டிய பணத்தை அப்படியே மேல்படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

‘முதலில் இன்ஜினியரிங் முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு மட்டும் வேண்டாம் அம்மா. மூன்றாம் வருடம் அரியரோடும் கல்விக் கடனோடும் என் முன் வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் அவர்களால் முன்னேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

இந்த லீவில் அவளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், அப்பாவும் கட்டாயம் வரட்டும். அங்கே அவளை விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் இருவரும் கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் என்னைப் பார்க்க வாருங்கள். அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், அவள் அப்பா இன்னும் அதைப் பார்க்கவில்லையாம்.