பலசரக்கு பில் எங்கே ஏறுகிறது?

கேள்வி: வீட்டில் நாங்கள் நாலு பேர். மாதம் ஒருமுறை மார்த்தாண்டத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மொத்தமாகப் பலசரக்கு வாங்குகிறோம். ஆஃபர் பார்த்துத்தான் எடுக்கிறேன், ஆனாலும் பில் ஏறிக்கொண்டே போகிறது. எதில் கை வைத்தால் குறையும்? (தக்கலை வாசகி)

பதில்: ஆஃபர் அட்டையை விடுங்கள். பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு விலை இருக்கும், அதைப் பாருங்கள். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் கிராமுக்கு எவ்வளவு என்றும், அதற்கு மேல் என்றால் கிலோவுக்கு எவ்வளவு என்றும் போட்டிருக்க வேண்டும், இது சட்டம். முன்பெல்லாம் எண்ணெய், டீத்தூள், பிஸ்கட் போன்றவற்றை இன்ன இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கம்பெனிக்கு ஒரு அளவு.

சமையல் எண்ணெயைப் பாருங்கள். ஒரு லிட்டர் என்பது எடையில் ஏறக்குறைய 910 கிராம். ஒரு கவர் 1 லிட்டர் 150 ரூபாய், பக்கத்திலேயே அதே உயரத்தில் இன்னொரு கவர் 138 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கை தானாக 138-க்குத்தான் போகும். ஆனால் அதில் 750 கிராம்தான் என்றால், 910 கிராமுக்கு 167 ரூபாய் கொடுக்கிறீர்கள். பன்னிரண்டு ரூபாய் மிச்சம் என்று நினைத்த இடத்தில் பதினேழு ரூபாய் போகிறது.

அரிசியிலும் இதே கணக்குதான். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை லேபிள் போட்டு அடைத்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அதைத் தாண்டிய மூட்டைக்கு இல்லை. 26 கிலோ மூட்டை கடைகளில் வந்தது அதனால்தான். இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது ஒன்றை 25-ஆலும் இன்னொன்றை 26-ஆலும் வகுக்க மறந்துவிடாதீர்கள். சின்னச் சின்னப் பையாக வாங்குவதுதான் இருப்பதிலேயே நஷ்டம்.

துவரம்பருப்பு, சிறுபயறு, வத்தல் மிளகாய், மல்லி எல்லாம் நாகர்கோவில் கோட்டாறு மொத்தக் கடைகளில் ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் ஐந்து கிலோவாக வாங்கிப் பங்கு வைத்தால் சுமக்கவும் வசதி. அப்புறம் ரேஷன். 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் கொடுக்கிறார்கள், நம் ஊரில் பலருக்குப் பாமாயில் வாசம் பிடிக்காது என்பதால் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். குழம்புக்குத் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொண்டு பப்படம், வடை பொரிக்க மட்டும் இதை எடுத்தாலே, தேங்காய் எண்ணெய் இருக்கிற விலைக்கு, நல்ல தொகை நிற்கும்.

கேள்வி: ஜூன் வந்தால் மீன் விலை தாங்க முடியவில்லை. என்ன செய்யலாம்? (கருங்கல் வாசகர்)

பதில்: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் அதில் வரும். ஆனால் கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, அங்கே தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். அதனால் ஜூன் முதல் இரண்டு வாரம்தான் இரண்டு பக்கமும் படகு கரையில் நிற்கிற நேரம், பெரிய மீனுக்கு அப்போது பணம் கொட்டாதீர்கள். வள்ளங்களுக்குத் தடை கிடையாது, கடல் அனுமதிக்கிற நாளில் சாளையும் நெத்திலியும் வரும், அதை வாங்குங்கள். மே மாதமே நல்ல கருவாடு கொஞ்சம் எடுத்து வைத்தால் மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்கு) தொட்டுக்கொள்ளக் கவலை இல்லை.

கேள்வி: தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் ஐந்து ரூபாய் கேட்கிறார்கள், கூலிங் சார்ஜாம். கொடுக்கணுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது தப்பு, குளிரவைத்ததற்குத் தனிக் காசு கிடையாது. பில் கேளுங்கள், தரவில்லை என்றால் பாட்டிலையும் கடையின் பெயர்ப் பலகையையும் போட்டோ எடுத்துக்கொண்டு 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.