கிராமத்து இளைஞர்கள் ஊருக்கும் பயன்படுகிற ஒரு தொழிலைத் தொடங்க நினைத்தால், பெரியவர்கள் எப்படி உதவலாம்?

கேள்வி கேட்டிருப்பவர் திருச்செந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். டிப்ளமோவும் டிகிரியும் முடித்த பிள்ளைகள் நாலைந்து பேர், ஊர்ப் பெண்கள் முடையும் பனை ஓலைப் பெட்டிகளை நல்ல விலைக்கு விற்றுத் தர ஆசைப்படுகிறார்களாம். பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதா, பணம் திரட்டித் தருவதா என்று கேட்கிறார்.

ஐயா, இரண்டுக்கும் முன்னால் அவர்களுக்கு ஒரு ஆர்டர் பிடித்துக் கொடுங்கள். நூறு பெட்டி போதும். உங்களிடம் படித்தவர்களில் யாராவது இனிப்புக் கடை வைத்திருப்பார், யார் வீட்டிலாவது கல்யாணம் வரும். முன்பணத்தோடு வரும் ஓர் ஆர்டர் கற்றுத் தருவதை எந்த வகுப்பறையும் கற்றுத் தராது. தென்மாவட்டங்களில் இப்படிப்பட்ட குழுக்களோடு பல வருஷமாக வேலை செய்கிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை. அதற்குப் பிறகு ஓலைப் பெட்டியை விரும்பிக் கேட்கும் கடைகள் இருக்கின்றன. ஆனால் கடைக்காரர் கேட்பது அரைக் கிலோ இனிப்பு அடங்கும் பெட்டி, நூறும் ஒரே அளவு, மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். பத்துப் பெண்கள் முடைந்தால் பத்து அளவு வரும். ஒவ்வொன்றும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒருவர் பெட்டிக்கு இன்னொருவர் மூடி சேராது. பிள்ளைகளின் மூளைக்கு வேலை இங்கேதான். ஆசாரியிடம் சொல்லி ஒரே அளவில் மரக்கட்டை அச்சு செய்து, ஆளுக்கொன்று கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நெய் இறங்காமல் உள்ளே என்ன தாள் வைப்பது, மூட்டையில் நசுங்காமல் எப்படி அடுக்குவது, இதெல்லாம் அவர்களே கண்டுபிடிக்கட்டும். முடைவது அம்மாக்களின் கைத்திறன். அதை பிள்ளைகளுக்கு மூன்று நாளில் கற்றுக்கொடுக்க முயலவே வேண்டாம்.

அடுத்தது கூலிக் கணக்கு. இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். ஒரு பெட்டி 30 ரூபாய்க்குப் போகிறது, ஓலை, சாயம், வண்டிச் செலவு எல்லாம் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 18. ஒரு பெட்டிக்கு இரண்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரத்தில் நாலு பெட்டி, 72 ரூபாய். 2024-25இல் நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் நிர்ணயித்த கூலியே 319 ரூபாய். வீட்டு வேலைக்கு நடுவே முடைகிறார்கள், அவர்கள் நேரத்துக்கு எதற்குக் கணக்கு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் லாபம் காட்டும் தொழிலைச் சமூகத் தொழில் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விலையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அதிக விலை தாங்கும் வேறு பொருளுக்கு மாற வேண்டும். அந்தக் கணக்கைப் பிள்ளைகள் முடைகிறவர்களின் முன்னால் உட்கார்ந்து போடட்டும்.

பனையேறியையும் மறந்துவிடக் கூடாது. குருத்தோலையை இறக்கித் தருபவர் அவர்தான். எந்த மரத்தில் எவ்வளவு வெட்டலாம் என்பதும் அவருக்குத்தான் தெரியும். அடிக்கடி குருத்தெடுத்தால் மரம் நலிந்துபோகும். பனை நம் மாநில மரம், மரத்தையே வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஆனால் ஏறுவதற்கு ஆள் இல்லாமல் போனால் அந்த மரத்தால் வீட்டுக்கு வருமானம் ஏது? ஓலைக்கு அவர் கேட்கும் விலையில் பேரம் பேசாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

இனி பணம். தொழில் என்றதும் எல்லாரும் மெஷினைத்தான் நினைக்கிறார்கள். ஓலைத் தொழிலில் பணம் முடங்குவது காலத்தில். பதநீர் சீசனில், பனையேறிகள் மரத்தில் இருக்கும்போது, ஓலை தாராளமாகக் கிடைக்கும், வெயிலில் நன்றாகக் காயும். தீபாவளி ஆர்டர் வருவதோ ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின். அப்போது பச்சை ஓலையை வாங்கினால் காயாது, பூஞ்சை பிடிக்கும். அதனால் கோடையிலேயே ஓலை வாங்கிக் காயவைத்து, ஈரம் ஏறாமல் பரண் போட்டு அடுக்கியாக வேண்டும். கடைக்காரர் பணம் தருவது பண்டிகை முடிந்து. அந்த ஐந்தாறு மாதத்தைத் தாண்ட வைக்கும் சுழல்பணம்தான் நீங்கள் திரட்டித் தர வேண்டியது. வட்டியில்லாமல், திருப்பித் தரும் தேதியோடு, எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வங்கிக் கடனுக்கு அவசரம் வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தினருக்குத் திட்டச் செலவில் 25 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு, நல்ல திட்டம்தான். ஆனால் அந்த மானியம் மூன்று வருஷம் வங்கியிலேயே இருந்து, பிறகுதான் கடனில் கழியும். கையில் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிய பிள்ளைகள் தவணை கட்டத் திணறியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தீபாவளி ஓடட்டும், அந்தக் கணக்குப் புத்தகத்தோடு வங்கிக்குப் போகலாம்.

கம்பெனியா, குழுவா, கூட்டுறவா என்ற விவாதமும் இப்போது தேவையில்லை. உங்கள் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு கட்டாயம் இருக்கும். அதன் வங்கிக் கணக்கில், குழுவின் சம்மதத்தோடு தொடங்கலாம். கோவை முருகானந்தம் தான் கண்டுபிடித்த மலிவான நாப்கின் இயந்திரத்தைப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்காமல் பெரும்பாலும் இப்படிப்பட்ட குழுக்களுக்கு விற்றார். அந்தந்த ஊர்ப் பெண்களே தங்கள் பெயரில் தயாரித்து விற்றார்கள்.

தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடியில் சிட்லிங்கி என்று ஓர் ஊர். டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். லம்பாடிப் பெண்களின் பூத்தையல் அப்போது மறந்துபோகும் நிலையில் இருந்தது. வயதான சிலருக்கே முழுசாக நினைவிருந்தது. அவர்களிடம் இளம்பெண்கள் கற்று, 'போர்கை' என்ற பெயரில் தைத்து விற்க ஆரம்பித்தது அதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான். அதற்குள் அந்த ஜனங்களுக்கும் டாக்டர்களுக்கும் இடையே நம்பிக்கை வேரூன்றியிருந்தது. வெளியிலிருந்து வந்து ஒரு வாரம் பயிற்சி நடத்திப் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. ஐயா, அந்த நம்பிக்கை உங்களுக்கு உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது, வாரம் ஒரு நாள் மாலையில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரவு செலவைப் பாருங்கள். யாருக்குக் கூலி பாக்கி என்பதை முதலில் கேளுங்கள். சரக்கைத் திருப்பி அனுப்பிய கடைக்காரரிடம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காரணம் கேளுங்கள். நடுவில் ஒருவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தால் சந்தோஷமாக அனுப்பிவையுங்கள், அவன் அங்கே உங்கள் பெட்டிகளுக்குக் கடை பிடித்துத் தருவான். முதல் ஆர்டர் எந்த அளவுப் பெட்டிக்கு என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள், அச்சின் அளவை உட்கார்ந்து கணக்குப் போடலாம்.