சர்வரை மூடினால் பிஎஸ்4 டிஸ்க்குகள் வீணாகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2016-ல் வாங்கிய பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கருவி) இருக்கிறது. 22 டிஸ்க்குகள் சேர்ந்திருக்கின்றன. பெரியவன் கல்லூரிக்குப் போய்விட்டான். இப்போது சின்னவள் விளையாடுகிறாள். போன மாதம் 'தி க்ரூ' கார் பந்தய டிஸ்க்கைப் போட்டால், சர்வருடன் இணைய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், "எல்லா சர்வரையும் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வர்றாங்க சார். விலை இருக்கும்போதே டிஸ்க்கை எல்லாம் கொடுத்துடுங்க. பதிலுக்கு 40 கேம் இருக்கிற அக்கவுண்ட் போட்டுத் தரேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா?

— வாசகர், திருநெல்வேலி

பதில்: கொடுக்காதீர்கள். அந்த அக்கவுண்ட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் பயத்துக்கு வருவோம்.

உங்கள் டிஸ்க்கும் கெடவில்லை, கருவியும் கெடவில்லை. 'தி க்ரூ' 2014 டிசம்பரில் வந்த விளையாட்டு. தன்னந்தனியாகக் காரை ஓட்டினாலும் அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது இணையத்தில் இருக்கும் அதன் கணினியோடு, தொடர்பில் இருந்தால்தான் ஓடும்படி அதைச் செய்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று அந்தச் சர்வரை அணைத்துவிட்டார்கள். அன்றோடு உலகம் முழுக்க அந்த டிஸ்க்குகள் எல்லாம் செத்துவிட்டன. ரசிகர்கள் சேர்ந்து 2025-ல் ஒரு மாற்று சர்வரை உருவாக்கினார்கள். அது கணினிப் பதிப்புக்கு மட்டும்தான். ஆகவே "பேட்ச் போட்டு க்ரூவை ஓட வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால், உங்கள் பிஎஸ்4-ஐ அவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒரு விளையாட்டு செத்ததால் மற்ற 21-ம் சாகும் என்று கடைக்காரர் சொல்வது தவறு. 'சர்வர்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் வெவ்வேறு வேலை செய்யும் வெவ்வேறு இடங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஆடுவதற்கான சர்வர் ஒன்று. விளையாட்டுகளை விற்கும் கடை ஒன்று. பிழைகளைத் திருத்தும் பேட்ச்சைக் கொடுக்கும் இடம் இன்னொன்று. இவை ஒரே நாளில் மூடப்படுவதில்லை. நின்டென்டோ நிறுவனம் தன் வீ யூ, 3டிஎஸ் விளையாட்டுக் கருவிகளுக்கான கடையை 2023 மார்ச் 27-ல் மூடியது. ஆன்லைன் ஆட்டத்தை 2024 ஏப்ரல் 8-ல்தான் நிறுத்தியது. வாங்கியதைத் திரும்ப இறக்கவும் பேட்ச் இறக்கவும் அதற்குப் பிறகும் வழி வைத்திருந்தது. எனவே "சர்வர் மூடிட்டாங்க" என்று யார் சொன்னாலும், எந்த சர்வர் என்று கேளுங்கள். பலருக்குப் பதில் தெரியாது.

உங்களிடம் உள்ளவற்றில் எவை பிழைக்கும் என்று நீங்களே வீட்டில் கண்டுபிடிக்கலாம். பிஎஸ்4-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் என்று போய், இணையத்தோடு இணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டுப் பாருங்கள். முகப்புப் பக்கம் வந்தவுடன் திருப்தி அடைந்துவிடக் கூடாது. உள்ளே போய் கால் மணி நேரம் ஆட வேண்டும், சேவ் செய்ய வேண்டும், மூடிவிட்டு மறுபடி திறந்து அந்த சேவ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில விளையாட்டுகள் ஆட விடும், சேவ் செய்ய விடாது. தேறியவற்றின் அட்டைமேல் ஒரு குறி போட்டு வையுங்கள். கதை சொல்லும் தனிநபர் விளையாட்டுகளில் பெரும்பாலானவை தேறிவிடும்.

தேறியது எது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இத்தனை வருடமாக இணையத்தில் இருந்த உங்கள் பிஎஸ்4, ஒவ்வொரு விளையாட்டுக்கும் பேட்ச்சுகளை இறக்கித் தன் ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கிறது. நீங்கள் ஆடுவது டிஸ்க்கும் அந்தப் பேட்ச்சும் சேர்ந்த ஒன்று. டிஸ்க்கில் மட்டும் இருப்பது பெரும்பாலும் முதல் நாள் அச்சடித்த பதிப்பு. அது பல விளையாட்டுகளில் அரைகுறையாகத்தான் இருக்கும். 2015-ல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5'-ன் டிஸ்க்கில் 4.6 ஜிபி இருந்தது. முதல் நாள் பேட்ச் 7.7 ஜிபி. பேட்ச் இல்லாமல் பயிற்சிப் பகுதியையும் மைதானம் கட்டும் பகுதியையும் தவிர வேறெதுவும் திறக்காது. 2022-ல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2'-ன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது ஏறக்குறைய 70 எம்பி. ஆயிரக்கணக்கான ரூபாய் வாங்கிக்கொண்டு வெற்றுத் தட்டைப் பெட்டியில் வைத்து விற்பதற்கு என்ன பெயர் சொல்வது? அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'இணையம் தேவை' என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடமை முடிந்ததாக நிறுவனங்கள் நினைக்கின்றன.

ஆகவே இடம் போதவில்லை என்று எதையும் அழிக்காதீர்கள். ஒவ்வொரு விளையாட்டின் படத்தின் மேலும் நின்று ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, 'செக் ஃபார் அப்டேட்' கொடுத்து, கடைசிப் பேட்ச் வரை இறக்கிவிடுங்கள். பிறகு ஒரு யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் வாங்கி அதற்கு மாற்றிவிடலாம். 250 ஜிபி முதல் 8 டிபி வரை பிஎஸ்4 ஏற்கும். அதைச் செருகி, செட்டிங்ஸில் போய் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்தால் அதிலிருப்பது அத்தனையும் அழிந்துவிடும். கல்யாண ஃபோட்டோ இருக்கும் டிரைவைக் கொண்டுபோய்ச் செருகிவிடாதீர்கள். சேவ் ஃபைல்கள் இந்த டிரைவுக்கு வராது. அவற்றைத் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பெரியவன் ஐந்தாறு வருடம் ஆடியது அதில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' 2017-ல் வந்தது. 'தி க்ரூ' போலவே அதுவும் சர்வரைப் பிடித்துத் தொங்கிய விளையாட்டு. இணையம் இல்லாவிட்டால் சேவ் செய்ய முடியாது. அதன் ஆன்லைன் சேவை 2024 ஜனவரி 31 அன்று நின்றது. ஆனால் அதைச் செய்தவர்கள் மூடுவதற்கு முன்பே ஒரு பேட்ச் கொடுத்து, தனிநபர் பந்தயங்களை இணையமே இல்லாமல் ஆடவும் சேவ் செய்யவும் வழி செய்துவிட்டார்கள். இரண்டு மாத இடைவெளியில் மூடப்பட்ட இரண்டு கார் பந்தயங்களில் ஒன்று இன்றும் ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை. அதனால் 'மூடியதெல்லாம் செத்தது' என்று எண்ண வேண்டாம். ஆனால் அந்த உயிர் பேட்ச்சில்தான் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை. 2017-ல் அச்சடித்த டிஸ்க்குக்கு அந்த விஷயமே தெரியாது. பேட்ச் இறங்கிய ஹார்ட் டிஸ்க் போய், அதற்குள் பேட்ச் கொடுக்கும் இடமும் மூடப்பட்டிருந்தால், அதே டிஸ்க் மறுபடி அணைந்துபோன சர்வரைத் தேடும். உங்கள் 22-ல் இது இருந்தால் இன்றே பேட்ச்சை இறக்கி, மேலே சொன்ன இணையமில்லாச் சோதனையைச் செய்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குவதானாலும் பேட்ச் இறங்கும் காலத்திலேயே வாங்குங்கள். 'தி க்ரூ'வுக்கு இதே உதவியைச் செய்திருக்க முடியாதா என்று கேட்டால், முடியும். 'தி க்ரூ 2'-க்கு இணையமில்லாமல் ஆடும் வசதியை அதே யூபிசாஃப்ட் 2025-ல் கொடுத்திருக்கிறது. ரசிகர்கள் கத்திய பிறகு.

உங்கள் கருவியில் ஒருமுறை சரிபார்க்க வேண்டியது இன்னொன்று. பிஎஸ்4-க்குள் சிஆர்2032 என்ற சின்ன பட்டன் பேட்டரி இருக்கிறது. கருவியின் கடிகாரம் அதனால்தான் ஓடுகிறது. அந்தப் பேட்டரி தீர்ந்து, சோனியின் சர்வரோடு தொடர்பும் இல்லாமல் போனால், டிஸ்க்கைக்கூட ஓட்ட மாட்டேன் என்று கருவி நிற்கும் கோளாறு இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 சிஸ்டம் அப்டேட் அதைச் சரிசெய்துவிட்டது. 'அப்டேட் போடாதீங்க, பழசிலேயே இருக்கட்டும், ஜெயில்பிரேக் பண்ணி (கருவியின் பூட்டை உடைத்து) ஐம்பது கேம் ஏத்தித் தரேன்' என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு 9.00-க்குக் கீழேயே நிற்கும் கருவி நாளைக்குப் பேட்டரி தீர்ந்தால் மாட்டிக்கொள்ளும்.

இனி அந்த 40 கேம் அக்கவுண்ட்டுக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும், சில கடைகளிலும்கூட, 'பிரைமரி', 'செகண்டரி' என்று பெயர் வைத்துச் சில நூறு ரூபாய்க்கு இதைத்தான் விற்கிறார்கள். ஒருவர் தன் பெயரில் ஒரு பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் திறந்து விளையாட்டுகளை ஒருமுறை வாங்குகிறார். உங்கள் பிஎஸ்4-ஐ அந்த அக்கவுண்ட்டின் பிரைமரி கருவியாகப் பதிந்து கொடுக்கிறார். மின்னஞ்சல் அவருடையது, பாஸ்வேர்டை மீட்கும் வழி அவருடையது, வாங்கிய ரசீதும் அவர் பெயரில். அக்கவுண்ட்டுக்கு உரியவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தன் வீட்டிலிருந்தே எல்லாக் கருவிகளின் பதிவையும் நீக்கிவிட முடியும். கருவியைத் தொலைத்தவர்களுக்காக சோனி வைத்த வசதி அது. விற்றவர் அதைப் பயன்படுத்திப் பதிவை நீக்கி, அதே அக்கவுண்ட்டை இன்னொருவருக்கு விற்கிறார். உங்கள் திரையில் விளையாட்டின் படத்தின் மேல் பூட்டுச் சின்னம் விழும். மாற்றுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டவரிடம் வீடு வாங்கியது போலத்தான் இது. நிறுவனம் கண்டுபிடித்து அக்கவுண்ட்டையே முடக்கினால் 40-ம் ஒரே நாளில் போகும். சோனியிடம் முறையிட முடியாது. விதிப்படி அது உங்களுடையதே இல்லை. விற்றவரின் எண் அதற்குள் மாறியிருக்கும்.

இப்போது உங்களுக்குச் சொல்லப்பட்ட பேரத்தைப் பாருங்கள். சர்வரை நம்பாமல் ஓடக்கூடிய டிஸ்க்குகளை வாங்கிக்கொண்டு, முழுக்க முழுக்க சர்வரை நம்பி நிற்கும் ஒன்றைத் தருகிறேன் என்கிறார். சர்வர் மூடுகிறது என்ற பயத்துக்கு அவர் தரும் மருந்து இது. இந்தத் தரகு வேலையால் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்காக வாங்கிய பெற்றோர்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

டிஸ்க் வாங்கும்போதும் ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. 'கம்ப்ளீட் எடிஷன்' என்ற பெயரில் வருபவற்றில் கூடுதல் பகுதிகள் டிஸ்க்கிலேயே இருந்தால் அதுதான் நீண்ட நாள் நிற்கும். 'ஹொரைசன் ஜீரோ டான் கம்ப்ளீட் எடிஷன்' அப்படிப்பட்டது. சிலவற்றிலோ கூடுதல் பகுதிக்குப் பெட்டிக்குள் ஒரு சீட்டும் எண்ணும்தான் இருக்கும். அந்த எண் ஒருமுறைதான் செல்லும். பழைய டிஸ்க்கை அந்தச் சீட்டோடு காட்டி முழு விலை கேட்பார்கள், ஏமாறாதீர்கள்.

பிஎஸ்5-க்கு மாறும் எண்ணம் இருந்தால், டிஜிட்டல் எடிஷனை வாங்கிவிடாதீர்கள். வாங்கியபடியே அதில் டிஸ்க் போட இடமே இல்லை. உங்கள் 22-ம் அலமாரியில் தூங்கும். தனியாக டிஸ்க் டிரைவ் வாங்கிப் பொருத்தும் புதிய மாடல்களில், முதல்முறை பொருத்தும்போது இணையம் கட்டாயம். பேட்ச்சுகள் இருக்கும் பிஎஸ்4 ஹார்ட் டிஸ்க்கை அப்படியே பிஎஸ்5-ல் செருகிக்கொள்ளலாம்.

'க்ரூ'வுக்குக் கொடுத்த பணம் திரும்ப வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வராது. 2024-ல் 'கான்கார்ட்' என்ற விளையாட்டை ஆகஸ்ட் 23-ல் வெளியிட்டு செப்டம்பர் 6-லேயே மூடிய சோனி, வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு வாரம் வைத்திருந்தவருக்குப் பணம், பத்து வருடம் வைத்திருந்தவருக்கு ஒன்றுமில்லை. 'க்ரூ' மூடப்பட்ட கோபத்தில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கத்தின் ஐரோப்பிய மனு, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது: இணையத்தில் விற்கும்போது, நீங்கள் வாங்குவது உரிமம்தான், பொருள் அல்ல என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும், மூடுவதை அது தடுக்காது. நம் நாட்டில் அந்த அறிவிப்புக்குக்கூட வழியில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம், பதியுங்கள். புகார்கள் குவிந்தால்தான் இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே அரசுக்குத் தெரியும்.

எதையாவது விற்றே ஆக வேண்டும் என்றால், வருடாவருடம் புதிது வந்த ஃபிஃபா கால்பந்து போன்ற விளையாட்டு டிஸ்க்குகளை விற்றுவிடுங்கள். அவற்றில் ஆன்லைன் பகுதிக்குத்தான் மதிப்பு, பழைய வருடத்து சர்வர்களைத்தான் முதலில் மூடுவார்கள். பணமாகவே வாங்குங்கள். கருவியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.