பாலர் வகுப்பு வேலை: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

மழலையர் கல்வி வேலைகள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஊரும் வயதும் மாறினாலும் கடிதங்களின் அடியில் இருக்கும் கவலை ஒன்றுதான்: நான் படிக்கும் படிப்பு, போகும் இடத்தில் செல்லுமா?

பிளஸ் டூ முடித்திருக்கிறேன், வயது 27. எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை கிடைக்குமா? எங்கே விண்ணப்பிப்பது?
*வாசகி, திண்டிவனம்*

கிடைக்கலாம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் எழுதிப் போட முடியாது. மாவட்டத்தில் காலியிட அறிவிப்பு வரும்போதுதான் விண்ணப்பம் வாங்குவார்கள். 2025-இல் மாநிலம் முழுக்க 7,783 இடங்களுக்கு இப்படி அறிவிப்பு வந்தது. அதில் பணியாளருக்குப் பிளஸ் டூ தேர்ச்சியும் 25 முதல் 35 வயதும் கேட்டார்கள். உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு, வயது 20 முதல் 40. பணியாளருக்கு முதல் ஓராண்டு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதன்பின் 7,700–24,200 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம். உதவியாளருக்கு 4,100 ரூபாயில் தொடங்கும். கணவரை இழந்தவர், ஆதரவற்றவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு வயதில் தளர்வு உண்டு.

விண்ணப்பம் தள்ளுபடியாவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அல்ல, முகவரியால். மையம் இருக்கும் கிராமத்தில் குடியிருப்பவருக்கே முன்னுரிமை. ஆள் இல்லையென்றால்தான் பக்கத்து ஊர், அடுத்த ஊராட்சி என்று போவார்கள். திருமணமாகி வந்தவர்கள் குடும்ப அட்டையில் பெயரை மாற்றாமல், ஆதாரில் பிறந்த வீட்டு முகவரியையே வைத்திருப்பார்கள். இருப்பிடச் சான்றும் அட்டையும் வேறுவேறு ஊரைச் சொன்னால் அங்கேயே சிக்கல். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே இரண்டையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவாருங்கள். காலியிடங்கள் மையவாரியாக, இனச்சுழற்சிப்படி நிரப்பப்படும். உங்கள் ஊர் மையத்தின் இடம் எந்தப் பிரிவுக்கு என்பதை வட்டாரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அங்கன்வாடி என்பது பாட்டும் பாடமும் மட்டும் இல்லை. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது வகுத்த ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்று. மற்றவை இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி. பிள்ளைகளின் எடையும் உயரமும் எடுக்க வேண்டும், அதைப் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போக வேண்டும். எடை எடுக்கும்போது செருப்பு, கனத்த உடையைக் கழற்றி, எடைக்கருவி சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிள்ளையை ஏற்றுங்கள். 200 கிராம் கூடுதலாகத் தெரிந்தால், எடை ஏறாத பிள்ளை ஏறிய பிள்ளையாகப் பதிவாகிவிடும். அதற்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பு அங்கேயே தவறிப்போகும்.

பி.காம். படித்து வீட்டில் இருக்கிறேன். ஆறு மாத மாண்டிசோரி டிப்ளமாவுக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். 'அரசு வேலைக்கும் செல்லும்' என்கிறார்கள். சேரலாமா?
*வாசகி, கோவை*

'அரசு வேலைக்கும் செல்லும்' என்ற ஒரு வாக்கியமே போதும், சந்தேகப்பட. ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளை அங்கீகரிப்பது என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். மழலையர் கல்விக்கு அவர்கள் வகுத்திருப்பது டி.பி.எஸ்.இ., அதாவது முன்பருவக் கல்விப் பட்டயம். அது இரண்டாண்டுப் படிப்பு. ஆறு மாதத்தில் அதே மதிப்பு வராது.

அதற்காக மாண்டிசோரிப் படிப்பு வீண் என்று சொல்லவில்லை. தனியார் மாண்டிசோரிப் பள்ளிகளில் அதற்கு நல்ல மதிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு நீண்ட வேரும் இருக்கிறது. பிள்ளை கருவிகளைத் தானே கையாண்டு கற்கும் இந்த முறையை வகுத்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் இந்தியாவுக்கு வந்து முதல் பயிற்சி வகுப்பை நடத்தியது சென்னை அடையாற்றில்தான். சிக்கல் என்னவென்றால், மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அம்மையாரே 1929-இல் தொடங்கிய ஏ.எம்.ஐ. என்ற பன்னாட்டுச் சங்கத்தின் பட்டயம் ஒரு வகை. சென்னையில் நவதிஷா என்ற நிலையம் அந்தப் பயிற்சியைத் தருகிறது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு நடத்தும் வார இறுதி வகுப்புகள் இன்னொரு வகை.

பணம் கட்டுமுன் நிலையத்துக்கு நேரில் போய் அலமாரியைப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று இருக்கும்: பத்து கனசதுரங்கள், பெரியது 10 செ.மீ., சிறியது 1 செ.மீ. பத்தும் இருக்கிறதா, விளிம்பு தேய்ந்து கையாளப்பட்ட அடையாளம் தெரிகிறதா, அல்லது கண்ணாடிக்குள் புத்தம் புதிதாகக் காட்சிக்கு நிற்கிறதா? அந்தச் சின்னக் கட்டை தொலைந்துபோனால், கோபுரத்தைக் கட்டும் பிள்ளைக்குத் தன் வேலை முடிந்ததாகவே தோன்றாது. அதைத் தேடி எடுத்து வைக்கும் நிலையம் வேலை தெரிந்த நிலையம்.

பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை நாள் உண்மையான வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க விடுவீர்கள்? பிள்ளைகளோடு பயிற்சி எந்தப் பள்ளியில்? பிள்ளை விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் அட்டையில் தமிழ் எழுத்துகளை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத இடத்தில் ஆங்கில எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு வருவீர்கள்.

செலவு தாங்காது என்றால் இக்னோ பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பருவப் பராமரிப்புக் கல்விப் பட்டயம் இருக்கிறது. பிளஸ் டூ போதும், குறைந்தது ஓராண்டு, அஞ்சல்வழி. காப்பகம், தொண்டு நிறுவன வேலைகளுக்கு உதவும், என்.சி.டி.இ. பட்டயத்துக்கு ஈடாக அதைக் காட்டாதீர்கள்.

டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்திருக்கிறேன். அரசுப் பள்ளி எல்.கே.ஜி. ஆசிரியை வேலை நிரந்தரமா?
*வாசகி, மன்னார்குடி*

இல்லை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-இல் அங்கே தற்காலிக ஆசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இந்த ஊதியம் அந்த வேலைக்குக் கொஞ்சமும் நியாயமில்லை என்பது எங்கள் கருத்து. அனுபவத்துக்காகப் போகலாம், நிரந்தரமாகும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் பட்டயத்துக்கு நிரந்தர வழி இடைநிலை ஆசிரியர் பணி. அதற்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேற வேண்டும்; தேறிய பிறகு தனியாகப் போட்டித் தேர்வும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்தே படியுங்கள்.

தனியார் மழலையர் பள்ளியில் நேர்முகத் தேர்வு. பதினைந்து நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். என்ன எடுப்பது?
*வாசகி, மதுரை*

இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் தயாரிப்பு இல்லாமல் தோற்பதில்லை; அதிகத் தயாரிப்பால் தோற்கிறார்கள். பாட்டு, படஅட்டை, பொம்மை, கதை என்று நான்கையும் பதினைந்து நிமிடத்தில் திணித்தால், மூன்று வயதுப் பிள்ளைக்கு எதுவும் கையில் தங்காது. ஒன்றே ஒன்றை எடுங்கள்.

நான்கு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு தட்டு, இரண்டு கிண்ணம், பத்துப் புளியங்கொட்டை, பத்து மொச்சை. முதல் இரண்டு நிமிடம் நீங்கள் ஒரு தட்டில் பேசாமல், மெதுவாகப் பிரித்துக் காட்டுங்கள். பேசிக்கொண்டே செய்தால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். பேசாமல் செய்தால் கையைப் பார்க்கும். பிறகு தட்டைக் கொடுத்துவிட்டு விலகுங்கள். தப்பாகப் போட்டால் உடனே திருத்தக் கூடாது. கடைசியில் சேர்ந்து எண்ணும்போது தானே கண்டுபிடிக்கட்டும். முடிந்ததும் கிண்ணத்தை எடுத்து வைப்பதும் பாடத்தில் சேர்த்தி, அதற்கு மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். தேர்வாளர் அதைத்தான் கவனிப்பார்.

வகுப்பில் மூன்று வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் விதையைத் தொடவே வேண்டாம். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். கைக்குட்டை மடிக்கக் கொடுங்கள். கதை சொல்வதானால் புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடிக்காமல் தோளுக்குப் பக்கத்தில், படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடியுங்கள்.

வேலை கிடைத்தால் நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், உதவிக்கு ஆயா உண்டா, மே மாதச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதலில் 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்று இருக்கிறது. அசல் சான்றிதழை 'அலுவலகத்தில் இருக்கட்டும்' என்று கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். பிடித்து வைத்துக்கொண்டால் வேலையை விடும்போது மீட்பது பெரும்பாடு.

நான் ஆண். பி.எஸ்சி. உளவியல். இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?
*வாசகர், நாமக்கல்*

அங்கன்வாடிப் பணியிடங்கள் பெண்களுக்கு மட்டும். தொடக்கப் பள்ளி, சிறப்புக் கல்வி, தொண்டு நிறுவனங்களின் களப்பணி மூன்றும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. சிறப்புக் கல்விக்குப் போவதானால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பும், முடித்த பின் அதன் பதிவு எண்ணும் கட்டாயம். சேரும் கல்லூரிக்கு அந்தக் கல்வியாண்டில் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று குழுமத்தின் பட்டியலிலேயே பாருங்கள். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் இத்தகைய படிப்புகள் உள்ளன. ஆய்க்குடி அமர் சேவா சங்கம், சென்னை வித்யாசாகர் போன்றவை சிறு வயதிலேயே வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து பயிற்சி தரும் அமைப்புகள். முதலில் தன்னார்வலராகச் சில வாரம் போய்ப் பாருங்கள்.

தொண்டு நிறுவனங்களில் பிரதம், டெல்லியில் 1969-இல் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மொபைல் கிரெஷஸ், அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆகியவற்றின் இணையப் பக்கங்களைப் பின்தொடருங்கள். களப்பணி என்றால் நாளெல்லாம் பேருந்து, மாலையில் அறிக்கை. விண்ணப்பத்தோடு, ஏதாவது ஒரு மையத்தில் அனுமதி பெற்று ஒரு மணி நேரம் கவனித்து எழுதிய இரண்டு பக்கக் குறிப்பை இணையுங்கள். 'பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தனர்' என்று எழுதாதீர்கள். 'ஒரு பிள்ளை நான்கு முறை ஊஞ்சலுக்குப் போய்த் திரும்பியது. யாரும் இடம் தரவில்லை' என்று, பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் எழுதுங்கள். இப்படிக் கவனிக்கத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

வயது 43, பத்தாம் வகுப்பு. குழந்தைகளோடுதான் வேலை செய்ய ஆசை. காலம் கடந்துவிட்டதா?
*வாசகி, ஓசூர்*

இல்லை. உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. 50 அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓசூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் அவற்றுக்குக் காப்பகம் நடத்தித் தரும் அமைப்புகளிலும் கேட்டுப் பாருங்கள். அங்கே பார்ப்பது மதிப்பெண்ணை விடக் கைப்பழக்கம். தூங்கும் கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கத் தெரிய வேண்டும், குப்பியைக் கொதிநீரில் போட்டெடுக்கத் தெரிய வேண்டும், பால் குடித்த நேரத்தையும் அளவையும் அப்போதே தாளில் எழுத வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதேனும் அடைத்து, அழவோ இருமவோ முடியாமல் போனால், தலை கீழ்நோக்கி இருக்கும்படி முன்கையில் குப்புறப் பிடித்துத் தோள்பட்டைகளுக்கு இடையே ஐந்து தட்டு. பிறகு திருப்பி, நடுமார்பில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. அடைப்பு வெளியேறும்வரை மாற்றி மாற்றி. இதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்துப் பழகிக்கொண்டு போங்கள்.