மடத்துக்குள் கொலை நடக்கும் இடைக்காலத் துப்பறியும் நாவல்களில் அப்படி என்ன இருக்கிறது? எதை முதலில் படிக்கலாம்?

முதலில் படிக்க வேண்டியது எது என்று கேட்டால், எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய, காட்ஃபேல் என்ற துறவி துப்பறியும் நாவல் வரிசை. அதிலும் மூன்றாவது நாவலான 'மாங்க்ஸ் ஹூட்'. முதல் நாவலை விட்டுவிட்டு மூன்றாவதைச் சொல்வதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது.

எங்கள் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். சுக்கு, அதிமதுரம், கடுக்காய் எல்லாம் கைக்கெட்டும் டப்பாக்களில் இருக்கும். வச்சநாபி மட்டும் மேல் தட்டில், பூட்டிய மரப்பெட்டிக்குள். கோமியத்தில் ஊறப்போட்டுச் சுத்தி செய்துதான் மருந்தில் சேர்க்க வேண்டும், அப்படியே வாயில் போனால் உயிர் போய்விடும் என்று சின்ன வயதிலேயே சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். அந்தப் பெட்டியைத் தொட்டதற்காக ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன்.

அதனால்தான் அந்த நாவல் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. 1138 டிசம்பர், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரத்துப் பெனடிக்ட் சபை மடம். காட்ஃபேல் வேல்ஸ்காரர். சிலுவைப் போருக்குப் போய், கடலில் அலைந்து, நாற்பது வயது வாக்கில் துறவியானவர். மடத்தின் மூலிகைத் தோட்டமும் மருந்துக் கொட்டகையும் அவர் பொறுப்பு. மூட்டு வலிக்காரர்களுக்குத் தேய்க்க ஒரு தைலம் காய்ச்சி வைத்திருக்கிறார். வச்சநாபி இனத்துச் செடியின் வேரில் செய்தது. அதன் பூ துறவியின் முக்காடு போலவே இருக்கும். நாவலின் பெயரும் அந்தச் செடியின் பெயர்தான். ஒரு நிலக்கிழார் தன் பண்ணையை மடத்துக்கு எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஆயுள் முழுக்கச் சாப்பாடும் வீடும் பெற்றுக்கொள்ளக் குடிவருகிறார். பத்திரத்துக்கு இன்னும் முத்திரை விழவில்லை. மடத்திலிருந்து மரியாதைக்கு அனுப்பிய கௌதாரிக் கறியைச் சாப்பிட்டவர் துடிதுடித்துச் செத்துப்போகிறார். சிகிச்சைக்கு ஓடிவரும் காட்ஃபேல், விஷம் தன் கையால் காய்ச்சிய தைலம்தான் என்று கண்டுகொள்கிறார். இறந்தவரின் மனைவி, காட்ஃபேல் ஊரைவிட்டுப் போவதற்கு முன்பு விரும்பிய பெண்! இதற்கு மேல் கதையைச் சொல்லமாட்டேன்.

சரி, ஏன் மடம்? பூட்டிய பங்களாவோ, பனியில் மாட்டிய ரயிலோ போதாதா?

எனக்குப் பதில் கிடைத்தது, அந்தச் சபைக்குப் பெயர் தந்த புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குநூலைப் படித்தபோது. 73 சிறிய அதிகாரங்கள்தான். மடத்தில் எப்படி வாழ்வது என்று சொல்லும் நூல், ஆனால் துப்பறியும் கதை வாசகருக்கு ஒவ்வொரு விதியும் ஒரு தடயமாகத் தெரியும். பகலில் ஏழு வழிபாடு, இரவில் ஒன்று. மணி அடித்ததும் எல்லாரும் கோயிலில் இருக்க வேண்டும்; பிந்தி வருகிறவருக்குத் தனி இடம், எல்லார் கண்ணிலும் படும்படி. அப்படியென்றால் ஓர் இருக்கை காலியாக இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். நாளின் கடைசி வழிபாடு முடிந்தபின் யாரும் பேசக்கூடாது. அப்போது ஒரு குரல் கேட்டால் அதுவே சாட்சி. சொந்தமாக ஒரு புத்தகமோ எழுதுகோலோகூட வைத்துக்கொள்ளக்கூடாது, மடத்தலைவர் படுக்கைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது. ஒளித்துவைத்த ஒரு சின்னப் பொருள்கூட அங்கே குற்றம்தான்.

இதில் என்னை அப்படியே நிறுத்தி வைத்தது 22ஆம் அதிகாரம். துறவிகள் எல்லாரும் முடிந்தவரை ஒரே கூடத்தில் தூங்க வேண்டும், விடியும்வரை ஒரு விளக்கு எரிய வேண்டும், மணி அடித்ததும் எழ வசதியாக உடுத்த உடையோடும் இடைக்கயிற்றோடும் படுக்க வேண்டும். ஆனால் கத்தியை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு படுக்கக்கூடாது, தூக்கத்தில் காயப்பட்டுவிடும் என்பதால். பகலில் ஒவ்வொருவர் இடுப்பிலும் கத்தி இருந்திருக்கிறது! சாப்பாட்டுக்கும் வேலைக்கும் உள்ள கத்திதான். இருந்தாலும் இருட்டில் வரிசையாகப் படுத்திருக்கும் ஆட்கள், ஒற்றை விளக்கு, கழற்றி வைத்த கத்திகள் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு மேல் ஒரு நாவலாசிரியர் என்ன கேட்க முடியும்.

அதே நூல், வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே நினைத்து வரவேற்கச் சொல்கிறது. அதனால் மடம் முழுக்க மூடிய இடமும் இல்லை. யாத்திரிகர், வணிகர், நோயாளி, அடைக்கலம் தேடி ஓடிவந்தவர் என்று வெளியுலகம் தினமும் வாசலில் வந்து நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிது. சாதாரணத் துப்பறியும் கதையில் குற்றவாளி பிடிபட்டால் வேலை முடிந்தது. மடத்தில் குற்றம் பாவமும்கூட. தூக்குமரம் ஒரு பக்கம், மன்னிப்பும் பரிகாரமும் மறுபக்கம். யார் செய்தார் என்று தெரிந்த பிறகு இந்த மனிதரை என்ன செய்வது என்ற கேள்வி காட்ஃபேலுக்கு மிச்சமிருக்கும். சில நாவல்களில் அந்தக் கடைசிப் பத்துப் பக்கத்துக்காகவே நான் திரும்பப் போயிருக்கிறேன்.

எழுதியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லிஸ் பீட்டர்ஸ் புனைபெயர். இயற்பெயர் எடித் பார்ஜெட்டர். 1913இல் ஷ்ரூஸ்பரி இருக்கும் ஷ்ராப்ஷயர் மாவட்டத்திலேயே பிறந்தவர். இளம் வயதில் மருந்துக் கடையில் உதவியாளராக வேலை பார்த்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்தக் கொட்டகையின் குப்பிகளும் கொத்துக்கொத்தாய்த் தொங்கும் மூலிகைகளும் ஏன் அவ்வளவு நிஜமாக இருக்கின்றன என்று புரிந்தது. 1977இல் முதல் நாவல், 1994இல் இருபதாவது. அடுத்த ஆண்டு காலமானார்.

வரலாற்றையும் அவர் சும்மா பின்னணிக்கு வைக்கவில்லை. முதல் நாவலில் வருவது போல, வேல்ஸின் க்விதெரின் கிராமத்திலிருந்து புனித வினிஃப்ரெடின் எலும்புகளை ஷ்ரூஸ்பரி துறவிகள் எடுத்து வந்தது உண்மையில் நடந்தது. எடுத்து வரப் போன ராபர்ட் என்ற துறவியும் நிஜ ஆள். இரண்டாவது நாவல், அரியணைக்காக நடந்த உள்நாட்டுப் போரில் 1138இல் ஷ்ரூஸ்பரி கோட்டை முற்றுகையிடப்பட்டது பற்றி. ஸ்டீஃபன் மன்னர் கோட்டையைப் பிடித்துக் காவலர்களைத் தூக்கிலிட்டதும் வரலாறுதான். நாவலில் 94 பிணங்களை அடக்கம் செய்யப் போன காட்ஃபேல், எண்ணிப் பார்த்தால் 95. பெரிய படுகொலைக்குள் ஒரு சின்னக் கொலையை ஒளித்துவிட்டார்கள். நாடே இரண்டு பட்டுக் கிடக்கும்போது அந்த ஒற்றைப் பிணத்துக்கு நியாயம் கேட்கிறார் அந்த மனிதர்.

குறை இல்லாமல் இல்லை. அநேகமாக எல்லா நாவலிலும் ஓர் இளம் காதல் ஜோடி வரும். ஐந்தாறு படித்தபின் அவர்கள் வரும்போதே யார் நிரபராதி என்று கண்டுபிடித்துவிடலாம். வரிசையாகப் படிக்காமல் இடைவெளி விட்டுப் படியுங்கள்.

உம்பர்ட்டோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' (இத்தாலிய மொழியில் 1980) பற்றியும் கேட்பீர்கள். 1327, இத்தாலியின் வடக்கே ஒரு மலை மடம், ஏழு நாள், வழிபாட்டு நேரங்களே அத்தியாயப் பிரிவுகள். மகத்தான நாவல், ஆனால் முதலில் வேண்டாம். முதல் நூறு பக்கத்தைச் சுருக்கச் சொன்னபோது எக்கோ மறுத்துவிட்டார். மடத்துக்குள் நுழைகிறவர் அதன் நடைக்குப் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். காட்ஃபேலோடு ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனால் அந்த நூறு பக்கம் சுமையாகத் தெரியாது. எனக்கு அப்படித்தான் நடந்தது.

'மாங்க்ஸ் ஹூட்' கதையை அப்பாவுக்கு ஒருநாள் ராத்திரி கடை மூடும் நேரத்தில் தமிழில் சொன்னேன். விஷம் எது என்று தெரிகிற இடம் வரைக்கும் கல்லாவில் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டவர், அங்கே எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"ஏன், அந்தக் குப்பிய அவரு பூட்டி வைக்கலியா?" என்றார்.

இல்லைப்பா என்றேன். கொட்டகையிலும் இருந்தது, நோயாளிகள் அறையிலும் இருந்தது.

"அப்ப அங்க யார் யாரு வந்து போனாங்கன்னு பாக்கச் சொல்லு."

காட்ஃபேலும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.