உப்புக் கணக்கு எழுதும் பெண்ணுக்கு ஏன் கம்ப்யூட்டர் சயின்ஸ்?

போன வாரம் வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே தாய்மாமா. பேசியதெல்லாம் மாமாதான். பெண் 600-க்கு 512. கலந்தாய்வில் நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது என்று ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுச் சீட்டு பேசி வைத்திருக்கிறார். கட்டணம், விடுதி, பஸ் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு 14 லட்சம். இருக்கிற ஒன்றரை ஏக்கரை அடமானம் வைத்தால் பணம் வந்துவிடும். "பிள்ளை ஜியாகிரபி படிக்கணும்ங்குது சார். காலேஜ் வாத்தியாராகி ஆராய்ச்சி பண்ணப் போகுதாம். ஸ்கூல்ல மேப் மாட்டுற படிப்பு அது. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கமான பாட்டைத்தான் பாடினேன். எல்லாப் படிப்புக்கும் எதிர்காலம் உண்டு, பதற்றம் வேண்டாம், இத்யாதி. அப்புறம் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதைப் புரட்டிய பிறகு சமாதானம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஊரில் உள்ள ஒவ்வொரு கைப்பம்பும், போரும், ஊற்றும் தெருவாரியாக அதில் இருந்தன. எத்தனை அடி, யார் போட்டது, எந்த வருடம் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது, இப்போது அந்த வீட்டார் குடிதண்ணீருக்கு எங்கே போகிறார்கள், குடம் என்ன விலை. கஜா புயலுக்கு முன், பின் என்று இரண்டு பத்தி. ஓரத்தில் சிவப்பு மையில் சில வீடுகளுக்கு மட்டும் "இறால் குட்டைக்கு நிலம் கொடுத்தவர்கள்" என்ற குறிப்பு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அவளுக்கு வயது பத்து. பழைய விவரத்தையெல்லாம் பாட்டிகளிடம் கேட்டு எழுதியிருக்கிறாள்.

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "நிலம் கொடுத்தவங்களும் தண்ணி வாங்குறாங்க, கொடுக்காதவங்களும் வாங்குறாங்க. அது எப்படின்னு பார்க்கத்தான் சார்" என்றாள்.

மாமா, இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையே இருக்கிறது. மனித-சூழல் புவியியல் என்று பெயர். உங்கள் ஊர் மணல் மேட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. ஊற்றுத் தோண்டி மொண்டால் இனிக்கும், மோட்டார் போட்டு இழுத்தால் அடியிலிருக்கிற உப்பு மேலே ஏறும். இதுவரை நிலத்தடி நீர் நிபுணர் சொல்லிவிடுவார். மோட்டார் யாரிடம் இருந்தது, யாருக்கு இலவச மின்சாரம், ஆற்றில் தண்ணீர் வராத வருடம் யார் நிலத்தை விற்றார், குட்டை வெட்ட யார் அனுமதி கொடுத்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் தண்ணீர் கரித்த கதை முழுதாகும். அதைக் கேட்பவர்தான் இந்தத் துறைக்காரர்.

இது வெட்டி ஆராய்ச்சி என்று நினைத்தால் உங்கள் மாவட்டத்தின் கதையையே சொல்கிறேன். கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நாக்பூரிலுள்ள நீரி என்கிற தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களைக் கடற்கரைக்கு அனுப்பி அறிக்கை வாங்கிய பிறகுதான் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டமே வந்தது. ஊர்க்காரர் கோபம் மட்டும் போதவில்லை, யாரோ போய்ப் பார்த்து, அளந்து, எழுத வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் கில்பர்ட் ஒயிட் என்ற புவியியலாளர் 1940-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு வெள்ளத்தை எடுத்துக்கொண்டார். ஆற்றுக்கு அணையும் கரையும் கட்டி வெள்ளத்தைத் தடுத்துவிட்டால் போதும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. கரை இருக்கிற தைரியத்தில் ஜனம் இன்னும் கிட்டே வந்து வீடு கட்டுகிறது, அடுத்த வெள்ளத்தில் சேதம் கூடுகிறது என்பது அவர் வாதம். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் மாடியில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் ஊரில் இந்தப் பாடம் புதிதும் அல்ல. சென்னையில் புவியியல் சங்கம் தொடங்கியது 1926-ல். நெய்தல், மருதம் என்று மேடையில் நிலத்தைப் பிரித்துப் பெருமைப்படுகிறோம், நிலத்தைப் படிக்கிறேன் என்று ஒரு பெண் வந்தால் மட்டும் மேப் மாட்டுகிற வேலையா என்கிறோம்!

சரி, இந்த வேலையில் இருப்பவர் தினமும் என்ன செய்வார்? கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உதவிப் பேராசிரியர் என்றால் யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி வாரம் 16 மணி நேரம் வகுப்பு. காலையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் மேடுபள்ளம் காட்டும் சமஉயரக் கோடு படிக்கச் சொல்லிக்கொடுப்பார். மதியம் ஆய்வகம். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972-லிருந்து பூமியைப் படம் பிடிக்கின்றன, 2008 முதல் அந்தப் படங்கள் இலவசம், அவற்றைத் திறக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். தொண்ணூறுகளின் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வயல் இருந்த இடத்தில் குட்டைகள் கறுப்புக் கட்டங்களாக வந்து உட்கார்ந்திருப்பது தெரியும். விடுமுறையில் களப்பணி. கையில் உப்பு அளக்கிற சின்ன டிடிஎஸ் மீட்டர், வயல் எல்லை காட்டும் புலப்படம், கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலின் நகல், திண்ணையில் உட்கார்ந்து கேட்க நிறையப் பொறுமை. செயற்கைக்கோளுக்குக் குட்டை தெரியும், அது எந்தக் கல்யாணக் கடனில் கைமாறிய நிலம் என்று தெரியாது. மற்ற நேரத்தில் கட்டுரை எழுதுவது, திருப்பி வந்ததைத் திருத்தி எழுதுவது, நிதி கேட்டு விண்ணப்பம், விடைத்தாள் கட்டு.

வழி இதுதான். பி.எஸ்சி. புவியியலுக்குச் சென்னையில் ராணி மேரி, மாநிலக் கல்லூரி, கோவையில் அரசு கலைக் கல்லூரி என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. அரசு கல்லூரியில் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். எம்.எஸ்சி.க்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அல்லது திருச்சி பாரதிதாசன். துணிச்சல் இருந்தால் டெல்லி. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) வட்டார வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது, டெல்லி பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை பொருளாதாரப் பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. வரைபடம் போடத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. புள்ளியியல் வேண்டும், நிலமும் கடனும் எப்படிக் கைமாறுகின்றன என்று படிக்க வேண்டும், ஆங்கிலத்தில் நான்கு பக்கம் தெளிவாக எழுத வரவேண்டும். இந்தக் கடைசிப் பழக்கத்தை முதல் வருடமே தொடங்காதவர்கள் பிஎச்.டி.யில் திணறுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அடுத்தது நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. நெட் தேறினால் விரிவுரையாளர் தகுதி. அதிலேயே மேலே வந்தால் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி.

இங்கே நான் கண்டிப்பாக ஒன்று சொன்னேன், மகளிடமே சொன்னேன். உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி. சேராதே. கைக்காசு போட்டு ஐந்து வருடம் படித்து, நெறியாளர் வீட்டு வேலையும் பார்த்து, கடைசியில் வெறும் பட்டத்தோடு நிற்பவர்கள் உண்டு. ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று போன் வரும், எடுக்காதே. கடன் வாங்கி வெளிநாட்டு முதுகலைக்கும் போகாதே. வெளிநாடு போவதானால் பிஎச்.டி.க்குப் போ. அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகம் 1921-லிருந்து புவியியலுக்கென்றே ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளி நடத்துகிறது. அந்த மாதிரி இடங்களில் எடுத்துக்கொண்டால் கட்டணம் தள்ளுபடி, வகுப்பில் உதவுவதற்குச் சம்பளம். அந்த நிதி கடிதத்தில் எழுத்தாக வந்தால் மட்டும் விமானம் ஏறு.

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. "எப்ப சார் சம்பளம் பார்க்கும்?" என்றார். நியாயமான கேள்வி, இனிப்புத் தடவிப் பதில் சொல்ல மனம் வரவில்லை. 23-ல் முதுகலை முடியும், பிஎச்.டி. முடிய 28 ஆகும். நிரந்தர வேலை 30-க்கு முன்னால் கிடைத்தால் அதிர்ஷ்டம். அரசு கல்லூரிகளில் காலியிடம் நிரப்ப ஆசிரியர் தேர்வு வாரியம் எடுத்துக்கொள்ளும் காலத்தை நினைத்தால் எனக்கே ஆயாசமாக இருக்கிறது. அந்த இடைவெளியில் கௌரவ விரிவுரையாளராக மாதம் 25 ஆயிரம் அளவில் வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் நிறைய. வேலை கிடைத்துவிட்டால் அடிப்படைச் சம்பளமே 57,700-ல் தொடங்கும். கிடைக்காமல் போனால் என்ன என்பதற்கும் வழி வைத்துக்கொள்ள வேண்டும். வரைபட மென்பொருள் தெரிந்த முதுகலைக்குப் பேரிடர் மேலாண்மை, நில அளவை நிறுவனங்களில் இடம் இருக்கிறது, பி.எட். சேர்த்தால் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. இந்த ஆபத்தெல்லாம் உண்மை. ஆனால் அதற்காக ஒரு சென்ட் நிலமும் போகாது.

மாமாவின் 14 லட்சத்துக்கு வருவோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் மாதம் 14 ஆயிரம். பெண் படித்து முடிக்கிறவரை அதை யார் கட்டுவது? முடித்த பிறகு முதல் சம்பளத்தில் பாதி அதற்கே போகும், அசல் அப்படியே நிற்கும். மாமா வேலைக்குச் சேர்ந்தது 2004-ல். அந்த வருடத்து வேலைச் சந்தையை மனதில் வைத்துக்கொண்டு இந்த வருடம் நிலத்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். அதுவும் கோடிங் பிடிக்காது என்று வாயைத் திறந்து சொல்கிற பெண்ணுக்கு.

அம்மா மெதுவாகக் கல்யாணத்தை எடுத்தார். பிஎச்.டி. படிக்கும் பெண்களுக்குப் பேறுகாலம், குழந்தை வளர்ப்பு என்று 240 நாள் வரை விடுப்புக்கும், ஆய்வை முடிக்கக் கூடுதல் காலத்துக்கும் யுஜிசி விதியிலேயே இடம் இருக்கிறது, ஜேஆர்எஃப் வயது வரம்பும் பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு. அதற்கு மேல் அந்தப் பேச்சில் நான் இறங்கவில்லை, அது அவள் முடிவு செய்ய வேண்டியது.

கிளம்பும்போது அப்பா நோட்டைக் கையில் எடுத்தார். பக்கம் பக்கமாகத் தள்ளி ஓர் இடத்தில் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். "வடக்கு வயல் (எங்களது), போர் 22 அடி, 2024 சித்திரையிலிருந்து கரிக்கிறது" என்று எழுதியிருந்தது. அடமானத்துக்குப் போகவிருந்த அதே ஒன்றரை ஏக்கர்.

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே அப்பா. நீங்கதான் மோட்டார் சரியில்லைன்னு புது மோட்டார் வாங்கிட்டு வந்தீங்க."