நடுமண்டையில மின்னுற பொட்டு, இது என்ன மீனு?

கேள்வி: எங்க ஊர் வாய்க்கால்ல பையன் சின்ன மீனா கொஞ்சம் புடிச்சுட்டு வந்து கப்பி மீன் தொட்டியில விட்டுட்டான். ரெண்டு இஞ்ச் இருக்கும். உடம்புல தங்கப்புள்ளி வரிசையா ஓடுது, வால் பக்கம் செங்குத்தா கருப்புக் கோடு, மேல இருந்து பாத்தா நடுமண்டையில வெள்ளிப்பொட்டு மின்னுது. பக்கத்து வீட்டுல கம்பூசியான்னு சொல்றாங்க. கப்பிக் குட்டி வேற குறைஞ்சுட்டே வருது. என்ன மீன் சார் இது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கொசு ஒழிக்க குளத்துல விடுற வெளிநாட்டு மீனான கம்பூசியா கிடையாதுங்க, அந்த மண்டைப்பொட்டே போதும். இது நம்ம ஊரு கில்லி மீன், அறிவியல் பேரு ஆப்லோகைலஸ் லீனியேட்டஸ். கடையில கோல்டன் வொண்டர் கில்லின்னு மஞ்சளா விக்கிறாங்களே, அதுவும் இதே இனம்தான், நிறத்துக்காக வளர்த்து எடுத்தது. அதனால நிறத்தை வச்சு மீனை முடிவு பண்ணாதீங்க, துடுப்பு எங்க இருக்குன்னு பாருங்க. இதுக்கு முதுகுத்துடுப்பு நல்லா பின்னாடி தள்ளி வாலை ஒட்டி இருக்கும், அடித்துடுப்பு நீளமா போகும், தலை மேல்பக்கம் தட்டையா, வாய் மேல பாத்து அகலமா இருக்கும். கம்பூசியாவுக்கு அடித்துடுப்பு சின்னது, ஆணுக்கு அது குச்சி மாதிரி நீண்டிருக்கும், அப்புறம் அது குட்டி போடும், இது செடியில முட்டை ஒட்ட வைக்கும், பொரிய ரெண்டு வாரம் போல ஆகும். கில்லியில உடம்பு முழுக்க கருப்புக் கோடு இருந்தா பெண்ணு, ஆணுக்கு பெரும்பாலும் பின்பாதியிலதான் தெரியும்.

கப்பிக் குட்டிய தின்னது இவங்கதான், வாய்க்குள்ள போற எதையும் விட மாட்டாங்க, உடனே தனித்தொட்டிக்கு மாத்துங்க. நல்லா துள்ளும், மூடி கட்டாயம், பூச்சி, கொசுப்புழுன்னா உயிர்.

கம்பூசியா அமெரிக்க மீன், 1928ல கொசு ஒழிக்கன்னு இந்தியாவுக்கு கொண்டு வந்தாங்க. உலகத்துலயே மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியல்ல அதுவும் இருக்கு. கொசுப்புழு திங்க நம்ம வாய்க்கால்லயே இவ்வளவு அழகான மீன் இருக்கும்போது கம்பூசியாவை குளத்துல கொட்டுறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. உங்க பையன் புடிச்சதை இனி வாய்க்கால்ல திருப்பி விட வேண்டாம், கடை கப்பியோட ஒரே தண்ணியில இருந்ததால நோய் ஏதும் அங்க போயிடலாம். வீட்டுலயே வச்சு வளக்கட்டும்.